நேத்து ராத்திரியிலேர்ந்து சொல்லுங்க

போன மாதம் ஒருநாள் காலையில், மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று கண்ட்ரோல் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது லேப் முதலாளி போன் செய்தார். "ஷமீம் போயிடுச்சுப்பா. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்கு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." வெளியே வெறும் வயிற்றோடு ஆட்கள் காத்திருந்தார்கள். வேலையைப் பார்த்தேன். ஷமீம் அக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் லேபில் ஊசிக்குக் கை நீட்டிய எல்லோருக்கும் ஷமீம் அக்காவைத் தெரியும். அவர் ரத்தம் எடுப்பார், நான் உள்ளே மெஷினில் போடுவேன். தினமும் சண்டைதான். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம் போதும் என்பேன். அவரோ, "நேத்து ராத்திரியிலேர்ந்து இன்னா சாப்ட்டீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார்.

"பாஸ்டிங்கான்னு கேட்டா முடிஞ்சுது அக்கா" என்று உள்ளிருந்து கத்துவேன்.

"நீ மெஷினாண்ட பேசு தம்பி. நான் மனுசங்களாண்ட பேசிக்கினு இருக்கேன்."

வரிசையே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஒரு வீட்டில் ரத்தம் எடுக்க அவர் கச்சிராயபாளையம் போயிருந்தார். ஊசி என் கையில். உருது மட்டுமே தெரிந்த, சர்க்கரை வியாதிக்கார அம்மா ஒருவர் வந்தார். "பாஸ்டிங்கா?" என்றேன். தலையாட்டினார். மூன்று முறை குத்தித்தான் நரம்பு கிடைத்தது. சர்க்கரை எக்கச்சக்கம். ரிப்போர்ட்டைக் கொடுத்து அனுப்பினேன். டாக்டரிடம் போக அவர் படியிறங்கியபோது அக்கா எதிரே வந்தார். காய்ந்துபோன உதட்டைப் பார்த்து உருதுவில் ஏதோ விசாரித்தார், பிறகு கையோடு உள்ளே அழைத்து வந்துவிட்டார்.

பாஸ்டிங் என்றால் நோன்பு என்று மகன் சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்த அம்மாவும் நோன்புக்கு எழுவதுபோல் விடியலுக்கு முன் எழுந்து, வயிறாரச் சாப்பிட்டு, அதன்பின் தண்ணீர்கூடத் தொடாமல் வந்திருக்கிறார்.

"மெஷின் கரெக்டாதான் காட்டிச்சு" என்றேன்.

"மெஷின் கரெக்டுதாம்பா. நீ கேட்டதுதான் தப்பு. இதப் பாத்து டாக்டர் மாத்திரைய ஜாஸ்தி பண்ணா, சக்கரை கம்மியாயி வூட்ல மயங்கி வுழுவாங்க. நீ போய்த் தூக்குவியா?"

ரிப்போர்ட்டைக் கிழித்தேன்.

"ரோஸா நை அம்மா. காலி பேட். பானி பீனா" என்றார் அக்கா. நோன்பு இல்லை, வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். ராத்திரி சாப்பாட்டோடு சரி, மறுநாள் ரத்தம் எடுக்கும்வரை வேறெதுவும் கூடாது என்பதையும் சொல்லி, அந்த அம்மாவின் வாயாலேயே எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த வெள்ளிமலைக்காரர் ஒருவர் மெல்ல எழுந்தார்.

"நான் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சேன். சக்கரை போடலீங்க. பரவால்லீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "உன் மெஷினாண்ட கேட்டுச் சொல்லுப்பா."

மறுநாள் அந்த அம்மாவின் சர்க்கரை, மாத்திரையைக் கூட்டும் அளவில் இல்லை. நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

புது ஆள் வரும்வரை ரத்தம் எடுப்பதும் நான்தான். அக்காவின் அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். அவரது மூன்று வரி உருதுவையும்தான். நான் அதைச் சொன்னால் பாட்டிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

போன வாரம் அந்த அம்மா வந்தார். நான் கேட்பதற்கு முன்பே, ராத்திரி இரண்டு சப்பாத்தி, காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் என்று விரல் மடக்கிக் காட்டினார். பிறகு அக்காவின் நாற்காலியைப் பார்த்தார், கையை என் பக்கம் நீட்டினார்.

முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.