உப்பில்லாச் சாப்பாடு எழுதிக்கொடுப்பவள்

சம்பளம் வாங்கிக்கொண்டு பொய் கேட்கிற உத்தியோகங்களில் உணவு ஆலோசகர் வேலைக்குத் தாராளமாக முதலிடம் கொடுக்கலாம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இதயப் பிரிவில், நான் அந்த வேலைதான் பார்க்கிறேன். டாக்டர் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைத்து அனுப்புவார். அதற்கப்புறம் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று சொல்லவேண்டியது நான். கேட்கிறவர்கள் தலையை நன்றாக ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு நேரே டவுணுக்குப் பஸ் ஏறி அல்வாக் கடை வாசலில் இறங்குவார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு நெஞ்சுவலிக்காரர் இருந்து, அவர் இலையிலிருந்து அப்பளத்தைப் பிடுங்கி நீங்கள் திட்டு வாங்கியிருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

சைவ ரத்தம்

சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு ரத வீதியில் ஜவுளிக்கடை. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குப் போகும் அன்று மனைவி கோமதியம்மாளோடு என் அறைக்கு வந்தார். இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றில் அண்ணாச்சி உட்கார்ந்தார். இன்னொன்றில் அவருடைய பை உட்கார்ந்தது. அம்மாள் நின்றுகொண்டார்கள். நான் பையைத் தூக்கிக் கீழே வைத்து அவர்களை உட்காரச் சொன்னேன். அண்ணாச்சிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

தினசரி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். காலையில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்த மிளகாய்ப்பொடியோடு இட்லி. பதினோரு மணிக்குக் கடைக்கு உளுந்தவடை வரும். வீட்டில் விசேஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்தில் ஒருநாள் கெட்டித் தேங்காய்ப்பால் விட்ட சொதி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் ‘ஒரு விள்ளல்’ அல்வா. அண்ணாச்சி கையால் அளந்து காட்டிய விள்ளலில் ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடலாம். எண்ணெயும் நெய்யும் தேங்காய்ப்பாலும் இந்த அளவில் போனால் கொழுப்பு ஏறத்தான் செய்யும் என்று ரத்தப் பரிசோதனையைக் காட்டினேன். அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “வேற யாரு ரத்தத்தையோ பாத்துட்டுச் சொல்லுத தாயி. நாங்க சைவம்லா, எங்களுக்கு எப்படிக் கொழுப்பு வரும்?”

வெறுங்கையோடு வரமாட்டார்கள்

நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்க வெறுங்கையோடு போவது மரியாதைக் குறைச்சல். நோயாளிக்கு என்ன நோய் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவனுக்கு, காகிதத்தை மீறி நெய் கசியும் அல்வாப் பொட்டலம் வரும். அவன் மச்சினன் தன் பங்குக்கு முறுக்கும் மிக்சரும் கொண்டுவருவான். கேட்டால், “நீ சாப்பிடாட்டாலும் பாத்துக்கிட்டு இரியேன்” என்பான். எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள்.

ஒருநாள் ஒரு படுக்கையின் தலைமாட்டில் இருந்த அரைக் கிலோ அல்வாவை நானே எடுத்து, நர்சுகள் அறையில் வைத்துவிட்டு, உறவுக்காரர்கள் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். மத்தியானம் போனால் காகிதம் மட்டும் இருந்தது. இதயப் பிரிவிலேயே இது நடக்கலாமா என்று மூத்த நர்சிடம் கத்தினேன். அவர் நிதானமாக விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எங்களை மட்டும் ஏன் மேடம் ஏசுதீங்க? முதல் துண்டு டாக்டர்தான் எடுத்தாரு.”

கருப்பட்டி மருத்துவம்

இது சின்ன விஷயம். சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்து இருந்த ஒரு லாரி ஓட்டுநர், சீனியை அறவே விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தார். அவருடைய சர்க்கரை அளவு அதை ஒத்துக்கொள்ளவில்லை. கிளறிக் கேட்டபோது, உடன்குடியிலிருந்து கருப்பட்டி வாங்கிவந்து காப்பிக்கும் போட்டு, மீதியைக் கடித்தும் தின்கிறார் என்று தெரிந்தது. கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும் என்று சொன்னேன். குலதெய்வத்தைக் குறை சொல்லிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். “படிச்ச பிள்ள பேசுத பேச்சா இது? அது பனைமரத்துல இருந்துலா வருது!”

மாலை போட்டவர்

சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வேலை செய்கிற முத்தையா ஒழுங்கானவர். உப்பைக் குறைத்தார், பீடியை விட்டார். எனக்கே அவர்மேல் ஒரு பெருமை இருந்தது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுவதாக நேர்ந்து மாலை போட்டார். விரதச் சாப்பாட்டைத் தன் கையாலேயே பொங்கி ஒருவேளை சாப்பிட்டார். அதிலெல்லாம் குற்றமில்லை. தசரா முடிந்து வந்தபோது காலில் நீர் கோத்து, இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு இரைத்தது.

விசாரித்தால், மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். அவருக்குக் கொடுத்ததில் ஒன்று கேப்சூல், உறைக்குள் மருந்து போட்ட மாத்திரை. அந்த உறை மாட்டெலும்பில் செய்வது, வாயில் போட்டால் விரதம் முறிந்துவிடும் என்று அவருடைய மருமகன் செல்போனில் எதையோ பார்த்துச் சொல்லியிருக்கிறான். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு மாத்திரை எழுதியிருப்பார். மருமகன்தான் டாக்டர் ஆகிவிட்டானே! சரி, அந்த ஒன்றுதானே உறை, மற்ற மாத்திரைகளை ஏன் விட்டீர் என்று கேட்டேன். “ஒண்ணை விட்டுட்டு மத்ததை மட்டும் தின்னா, அதுக ஒத்தையா என்னத்தைச் செய்யப்போவுதுன்னு விட்டுட்டேன்மா.”

அவளுக்கு வாயு

சங்கரலிங்கம் அண்ணாச்சி மறுபரிசோதனைக்கு வந்தார். இந்தத் தடவை அவர் ரத்தம் நான் சொன்னபடி கேட்டிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கோமதியம்மாளைக் கேட்டபோதுதான் அந்த வீட்டுச் சமையல் புரிந்தது. அண்ணாச்சிக்கு உப்பும் எண்ணெயும் இல்லாமல் ஒரு சமையல். இரண்டு மகன்களுக்கு வழக்கம்போல வறுவலும் பொரியலுமாக இன்னொரு சமையல். அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். உடனே அதே உப்பில்லாக் கணக்கில், அவர் வாய்க்குப் பிடித்தமாதிரி மூன்றாவதாக ஒன்று செய்து சமாதானப்படுத்த வேண்டும். அவர் தள்ளியதையும் மகன்கள் மிச்சம் வைத்ததையும், வீணாகிவிடக் கூடாதே என்று மூன்று மணிவாக்கில் அம்மாள் சாப்பிடுவார்கள். நான் எழுதிக்கொடுத்த உணவு முறையை அந்த வீட்டில் ஒருவர் முழுதாகக் கடைப்பிடித்தார் என்றால், அதற்காக இன்னொருவர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

மாடிப்படி ஏறி வந்ததில் அம்மாளுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. இடது தோள் கொஞ்ச நாளாகக் கடுக்கிறது என்று, ஏதோ வெயிலைப் பற்றிப் பேசுகிறமாதிரி சொன்னார்கள். உடனே கீழே போய் இ.சி.ஜி. எடுங்கள், டாக்டரிடம் நானே சொல்கிறேன் என்று எழுந்தேன். அண்ணாச்சி அதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டார். நான் வாசல் வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொன்னேன், சத்தம் போட்டும் சொன்னேன். ஆட்டோவில் ஏறிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார்: “அவளுக்கு வாயு. நேரத்துக்குத் திங்கமாட்டா, அதான். இருபது வருஷமா நான் பாக்கேன், எனக்குத் தெரியாதா?”

யாரு சமைப்பா?

அடுத்த மாதம் கோமதியம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விடியற்காலையில் நெஞ்சில் வலி. இஞ்சிச் சாறு கொடுத்தார்கள், பெருங்காயம் கொடுத்தார்கள், கடை திறந்ததும் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வலியோடு அம்மாள் அண்ணாச்சிக்கு இட்லி அவித்து வைத்துவிட்டுத்தான் அடுக்களையில் சரிந்திருக்கிறார்கள். அண்ணாச்சி இட்லியைச் சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. உயிர் பிழைத்தது. இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனி பாரமான வேலை ஒன்றும் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் அன்று நான் மேலே போனேன். அம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மகன்கள் இருவரும் ஜன்னல் பக்கம் நின்று செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, காய் எப்படி வேகவைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேளாவேளைக்கு, மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்காமல், முதலில் அம்மாளுக்குப் போட வேண்டும் என்றும் சொன்னேன். அண்ணாச்சி எல்லாவற்றையும் கவனமாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, உண்மையிலேயே விளங்காத முகத்தோடு என்னைப் பார்த்தார். “எல்லாம் சரி தாயி. அவதான் படுத்துட்டாளே, இதையெல்லாம் வீட்டுல யாரு சமைப்பா?”

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். அதற்கு அவசியம் இல்லாமல் போனது. கோமதியம்மாள் கண்ணைத் திறந்தார்கள். கோபமே இல்லாத குரலில், கடைக்குப் போகிற ஆளுக்குச் சாவி இருக்கும் இடத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்கள்: “போன தடவையும் பக்கத்துல இருந்து இவங்க சொன்னதை நீங்கதான கேட்டீங்க, இப்பவும் நீங்கதான கேட்டீங்க. நாளையில இருந்து நீங்க வைங்க, நான் உக்காந்து சாப்பிடுதேன்.”

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: நம் ஊர் ஆண்களின் இதயம் நெய்யைக்கூட ஒருவழியாகத் தாங்கிவிடுகிறது, அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னால்தான் உடனே அடைத்துக்கொள்கிறது.