தாடைக்குள் ஒரு நீர்ப்பை

என் பையன்கள் தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார்கள். மனைவி புனேயிலேயே வளர்ந்தவள். பாதி வாக்கியத்தில் மராத்திக்குத் தாவிவிடுவாள். பொள்ளாச்சிப் பேச்சு என் காதில் விழுவது தினமும் சாயங்காலம் ஊரிலிருந்து அக்கா போன் செய்யும்போதுதான். அத்தான் போன பிறகு அவளுக்கும் பேச என்னை விட்டால் ஆளில்லை. அந்த அக்காவின் தாடை வீங்கியபோது, புனேயில் தாபோடிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வரச்சொல்லி, பக்கத்திலிருந்த பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் மராத்திக்கார அம்மா. எங்களுக்காக இந்தியில் பேசினார். அக்காவுக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க நான். ஐம்பது வயதுவரை மேடையே கிடைக்காதவனுக்கு, வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகை கிடைத்தால் சும்மா இருப்பானா?

எக்ஸ்ரேயைக் காட்டி, முளைக்காத கடைவாய்ப் பல்லைச் சுற்றி நீர்க்கட்டி இருக்கிறது, அதை சிஸ்ட் என்பார்கள் என்றார் டாக்டர். உங்கள் தாடைக்குள் ஒரு மோர்ப் பாக்கெட் இருக்கிறதாம் என்று அக்காவிடம் சொன்னேன். கட்டியில் சீழ் பிடித்திருக்கிறது, நோயெதிர்ப்பு வேலை பார்க்கும் வெள்ளணுக்கள் அங்கே கூடிச் சண்டை போடுகின்றன, வீக்கமும் வலியும் அதனால்தான் என்றார். நான் வெள்ளணுக்களை எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் வாட்ச்மேனாக்கினேன். காய் வாங்கிவரும் அக்காவை தினமும் கேட்டில் நிறுத்தி எந்த வீடு என்று கேட்பான். காரில் யார் வந்தாலும் சல்யூட் அடிப்பான். அவனைப் போல நூறு பேர் உங்கள் வாய்க்குள் நிற்கிறார்கள் என்றேன். அக்கா குலுங்கிச் சிரித்தாள். நீர்க்கட்டி என்றதும் இப்படிச் சிரிக்கிற நோயாளியை டாக்டர் பார்த்ததில்லை போல. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

கட்டியின் உள்தோலில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

அடுத்த முறை போனபோது டாக்டர் என்னைப் பார்த்தே மெதுவாகப் பேசினார். அந்த உள்தோலின் செல்கள் மாறியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனாலும் நடப்பதுண்டு. கட்டுப்பாடில்லாமல் பெருகி எலும்புக்குள் போய்விட்டன. உடம்பின் சொந்தச் செல்கள் என்பதால் நோயெதிர்ப்பு அவற்றை அடையாளம் கண்டு தடுக்கவில்லை.

அதற்கும் வாட்ச்மேன் சரியாகப் பொருந்துவான். அங்கேயே குடியிருக்கிறவனை எந்த வாட்ச்மேன் நிறுத்துவான்? அந்த நேரத்திலும் வாக்கியம் தயாராக வந்து நின்றது. என் புத்தி அப்படி. வாயைத் திறந்தேன், மூடினேன்.

அக்கா சிரிக்கத் தயாராக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி நேராகக் கேட்டாள்.

“கேன்சரா?”

டாக்டர் ஆமாம் என்று தலையசைத்தார். அதற்கு நான் தேவைப்படவில்லை.

“இனி அவுங்க சொல்றத மட்டும் சொல்லு, சாமி.”

சொன்னேன். கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தை எடுக்க வேண்டும். காலிலிருந்து எலும்பு எடுத்து அந்த இடத்தில் வைப்பார்கள். பிறகு கதிர்வீச்சு. எதையும் சேர்க்காமல் சொன்னால் எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

பேச வருமா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். பேச்சு வரும், ஆனால் குழறும், பழக நாளாகும், சிலருக்குக் கடைசிவரை முழுசாகத் தெளிவதில்லை என்றார் டாக்டர். அதையும் அப்படியே சொன்னேன்.

அக்கா மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

“உனக்குப் புரியுமா?” என்றாள்.

நான் பழக்கதோஷத்தில் டாக்டர் பக்கம் திரும்பி இந்தியில் ஆரம்பித்துவிட்டேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அவுங்களையில்ல, உன்னத்தான் கேக்கறேன். நான் போன்ல பேசுனா உனக்குப் புரியுமா?”

“புரியுமுங்க்கா.”

என்ன கேட்கிறார் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். அதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.