அக்காவின் ஆறு, மாமாவின் ஆணி

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் மலையடிவாரம் முழுக்க ‘ஏணி’ என்றுதான் கூப்பிடும். அவ்வளவு உயரம். அக்கா அவர் மார்புக்குக்கூட வரமாட்டாள். ஆற்றங்கரை ஓவியக்கூடத்தில் படம் மாட்டுவது மாமாவின் வேலை. எந்தப் படமானாலும் தன் கண் உயரத்துக்கு ஆணி அடித்துவிடுவார். நாங்களெல்லாம் அண்ணாந்து பார்த்து, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வீடு திரும்புவோம். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

இந்த வருடக் கண்காட்சிக்கு அக்கா வரைந்த ஆற்றுப் படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அடுப்படி ஜன்னலோரம் நின்று நின்றே வரைந்தவள். வீட்டை விட்டு வெளியே போகும் முதல் படம். மாமா ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமாம். சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “கம்பி தாங்கும்” என்றார். அதோடு சரி.

“எங்கே மாட்டப் போறீங்க மாமா?” என்று நான்தான் கேட்டேன்.

“பார்க்கலாம். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. பொண்டாட்டி படம்னு நல்ல சுவரைக் குடுத்துட்டான்னு பேசுவாங்க.”

அவர் போனதும் அக்கா முகம் செத்துவிட்டது. “கதவுக்குப் பின்னாடிதான் மாட்டுவார். திறப்பு நாளுக்கு நான் வரலைடி. அவருக்கே பிடிக்கலை, அப்புறம் யாரு பார்த்தா எனக்கென்ன?”

விடுவேனா? திறப்பு நாளன்று அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன்.

கதவுக்குப் பின்னால் படம் இல்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், கூடத்திலேயே நல்ல வெளிச்சத்தில் இருந்தது. ஆனால் மற்ற படங்களைவிட ஒரு முழம் கீழே! “ஏணிக்கு அளவு தப்பிப் போச்சுடோய்!” என்று ஒருவர் சொல்ல, வந்திருந்த கூட்டமே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

மாமா சிரிக்கவில்லை. “அளவெல்லாம் சரிதான். இதை வரைஞ்சவ கண்ணு இந்த உயரத்துலதான் இருக்கு. அவ பார்த்த ஆறு தெரியணும்னா குனிஞ்சு பாருங்க.”

சொல்லிவிட்டு, தானே முதலில் முழங்காலை மடக்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, “ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கே” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராய் வந்து குனிந்தார்கள். அக்கா குனியவும் இல்லை, அண்ணாந்து பார்க்கவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே தன் ஆற்றை நேராகப் பார்த்தாள்.