கடலூர்த் துறைமுகத்தில் பிடித்த வரிசை

மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவை முடிந்துவிட்டால் கரும்பு வெட்டுகிறவனுக்கு ஊரில் வேலையில்லை. அந்த வருஷம் நானும் என் அக்கா புருஷனும் மூட்டை தூக்கக் கடலூருக்குப் போனோம். சின்னசேலம் வழியாக ரயில் உண்டு, டிக்கெட்டுக்கு வழியில்லை. கல்வராயன் மலைக் கடுக்காய் ஏற்றிய லாரியில் மூட்டைமேல் படுத்துக்கொண்டு, உளுந்தூர்ப்பேட்டை, பண்ருட்டி என்று போய் இறங்கினோம். எங்கள் பக்கத்துக் கடுக்காயும் மல்லாட்டை என்கிற நிலக்கடலைப் பிண்ணாக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்தத் துறைமுகத்துக்குப் போகின்றன. சரக்குக்கு அங்கே ஆள் இருந்தது. எங்களுக்குத்தான் யாரையும் தெரியாது.

மழை பிடித்துக்கொண்டால் கப்பல் வராது என்று டிரைவர் சொல்லியிருந்தார். அதற்குள் வேலை கிடைத்தால்தான் மழைக்காலத்துக்கு அக்கா வீட்டில் அரிசி.

ஆலை வாசலில் கரும்பு வண்டியை வரிசையில் விட்டுவிட்டால் எவ்வளவு நேரமானாலும் நம் முறை வந்துவிடும். வரிசையை விட்டு நகர்ந்தவன்தான் கெட்டான். அந்தப் பழக்கத்தில் மாமா காலையிலேயே ஆற்றங்கரைப் படகுத்துறை ஓரம் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். கப்பல் தூரத்தில் கடலுக்குள் நின்றது.

"கிட்ட வரட்டும். மொத ஆளு நாமதான்."

"வர்ற மாதிரி தெரியலியே மாமா. ஆளுங்க அந்தாண்ட போய்க்கினு இருக்காங்க. இன்னான்னு கேட்டுட்டு வரேன்."

"குந்துடா. எந்திரிச்சா எவனாவது எடத்தப் புடிச்சிப்பான்."

உட்கார்ந்தேன். எங்கள் கண்ணெதிரே தோணிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. உச்சி வெயிலில் உர மூட்டைகளோடு திரும்பின. இறங்கி வந்த மேஸ்திரி முன்னால் மாமா கைகட்டி நின்றார்.

"காலையிலருந்து வரிசையில இருக்கோங்க."

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். "யாருக்குப் பின்னால?"

தோணிக்காரர்கள் சிரித்தார்கள்.

"கப்பலு இன்னா டவுன் பஸ்ஸா, உன் காலாண்ட வந்து நிக்க? இங்க ஆழம் கம்மி. தோணியிலதான் சரக்கு வரும். ஆளு எடுக்கிறது ஆத்துக்கு அந்தாண்ட டீக்கடையில."

"நாளைக்கு அங்க வந்துடறோங்க."

"நாளைக்கு இன்னாத்துக்கு? கப்பலு காலியாவற வரைக்கும் எடுத்த ஆளுங்கதான். மழைக்கு முன்ன இதான் கடைசிக் கப்பலு."

அவர் போன பிறகு மாமா என் பக்கம் திரும்பினார்.

"நீயாவது எந்திரிச்சுப் போயிருக்கலாம்ல?"

உரம் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பிய லாரியில் அவரை ஏற்றிவிட்டேன். வேறு ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம் என்று நான் ஏறவில்லை. அந்த மழையில் அக்கா கைப்பிள்ளையோடு களமருதூர் வரைக்கும் நடவுக்குப் போயிருக்கிறாள். எனக்கு அது தை மாதத்தில் ஊருக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது.