மஞ்சள் வைத்த டிராப்ட்

டிராப்ட் எடுக்கும் பாங்கு சலான் இரண்டுக்கு நடுவில் கார்பன் தாளை வைத்து அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள் சம்சாத் பேகம். பெயர், தொகை, கையெழுத்து என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, மேலே சிவப்பு மையில் ‘மாதிரி’ என்று எழுதுவாள். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவள் பில் கிளார்க். புதிதாக வாங்குகிறவர்கள் பாங்க் டிராப்ட் கொடுத்தால்தான் அங்கே சரக்கு கிடைக்கும். பாங்கு வாசலையே மிதிக்காதவர்களுக்கு, பில்லோடு இந்த மாதிரியையும் வைத்து அனுப்புவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

அது 1993. வ. புதுப்பட்டி அய்யம்மாளுக்கு அதுதான் முதல் வியாபாரம். துணி வாங்கி, வெட்டி மடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நர்ஸாக இருந்த நர்சிங் ஹோமுக்குத் தருவதாகப் பேச்சு. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொன்னவள் நான்தான். புண்ணுக்குக் கட்டுப் போடத் துணி வேண்டும். இரக்கப்பட்டுக் காத்திருக்க முடியாது.

வியாழக்கிழமை மதியம் அய்யம்மாள் டிராப்டோடு வந்தாள். சம்சாத் அதைப் பிரித்துப் பார்த்தாள். நான்கு மூலையிலும் ஈர மஞ்சள். வலது மூலையில் பாங்கு மேனேஜரின் கையெழுத்து கரைந்து நீலக் குழம்பாகக் கிடந்தது.

“என்னக்கா இது?”

“மொத மொத கொடுக்கிற காசு தாயி. மஞ்ச வைக்காம எப்பிடிக் கொடுக்க?”

முதலாளி வைகுண்டராஜ் எட்டிப் பார்த்தார். “கொழம்பு வச்சாகளா, டிராப்ட் எடுத்தாகளா? இது பாங்குல செல்லாதும்மா. சரக்கை அடுத்த பார்ட்டிக்குக் கொடுத்துருவோம்.”

அய்யம்மாள் வெறும் காதைத் தொட்டுக் காட்டினாள். “காது கம்மலை வச்சு எடுத்த காசு. அம்புட்டும் போச்சா?”

“காசு எங்கயும் போகல. பாங்குலதான் இருக்கு,” என்றாள் சம்சாத். பிறகு முதலாளியிடம், “தப்பு எம்மேலதான் சார். மாதிரியில எல்லாம் எழுதினேன், மஞ்ச வைக்காதீகன்னு எழுதல. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பண்டலைத் தொடாதீக. அரை நாள் லீவு வேணும்.”

“ஒன் லீவு, ஒன் பாடு,” என்றார் அவர். ஆனால் பண்டலைத் தொடவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே சம்சாத் கிளம்பினாள். பத்து மணிக்கு, அய்யம்மாள் டிராப்ட் எடுத்த வத்திராயிருப்பு பாங்கில் இருவரும் நின்றார்கள். பழைய டிராப்டை ரத்து செய்ய மனு எழுதிக் கொடுத்தாள் சம்சாத். புது சலானை மட்டும் அவள் தொடவில்லை.

“நீங்களே எழுதுங்க. அடுத்த மாசம் நான் வர மாட்டேன்.”

“கை நடுங்குது தாயி.”

“நடுங்கட்டும். கட்டத்துக்குள்ள நடுங்குனாப் போதும்.”

பக்கத்தில் மாதிரியை வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி முடிக்க அய்யம்மாளுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. புது டிராப்ட் கைக்கு வந்ததும் அவள் விரல் தானாகவே இடுப்பிலிருந்த மஞ்சள் பொட்டலத்துக்குப் போனது. சம்சாத் டிராப்டைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். பாங்கு முத்திரை குத்திக் கிழித்துக் கொடுத்த சலான் துண்டை அய்யம்மாள் முன்னால் நீட்டினாள்.

“இது ஒங்களுக்குத்தான். இதுல எம்புட்டு வேணும்னாலும் வைங்க.”

அய்யம்மாள் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தாள். பிறகு இருவரும் இராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.