குதிரைவாலி மேல் ஓடிய என் கார்

அந்தக் காரில் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். முதலில் பின்புறத்தை உள்ளே போட்டு, பிறகு ஒவ்வொரு காலாக இழுத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் அதை எனக்கு விற்றவர் இப்படி உட்கார்ந்து காட்டியபோது ஒன்றும் தெரியாதவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த மாதிரிக் கார்களில் அவரைவிட அதிகமாக நான் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். துபாயில் ஒரு பட்டறையில் பதினாறு வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவன் நான். அடித்து முடித்ததும் வண்டியை உள்ளேயிருந்து ஓட்டிவந்து முற்றத்தில் நிறுத்த வேண்டும். சீட்டின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, ஸ்டியரிங்குக்குப் பிளாஸ்டிக் உறை, என் காலில் பிளாஸ்டிக் பை. நாற்பது அடி தூரம் இருக்கும். அதற்கு மேல் ஓட்டக்கூடாது. பதினாறு வருடமும் நாற்பது நாற்பது அடியாகத்தான் நான் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினேன்.

சாவி என் கைக்கு வருவதற்குள் கார் ஏற்கெனவே மூன்று பேரிடம் இருந்துவிட்டது. சீட்டு யாரோ ஒரு நெட்டையனுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னால் இழுக்க வராததால் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டேன். உள்ளே வேறொருவர் பூசிய செண்டு வாசனை. கதவுப் பையில் பல் போன ஒரு சீப்பு, அதில் நரைத்த முடி இரண்டு. அதைத் தூக்கி எறிய ஏனோ மனம் வரவில்லை, அப்படியே வைத்துவிட்டேன். கதவு ரப்பரை நகத்தால் விலக்கிப் பார்த்தேன். என் தொழில் புத்தி. வெளியே சிவப்பு, அடியில் மஞ்சள். அவசரத்தில் அடித்த பெயின்ட், ஓரமெல்லாம் வழிந்திருந்தது. எங்கள் பட்டறையில் இப்படி அடித்திருந்தால் அன்றைக்கே துரத்தியிருப்பார்கள்.

இருந்தாலும் தாம்பரம் தாண்டி முதல் தடவையாக அழுத்தி மிதித்தபோது, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, தன்னந்தனியாக, காருக்குள் சிரிக்கிறேன். லாரிச் சக்கரம் காதுக்குப் பக்கத்தில் சுற்றியது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் குனிந்து என்னைப் பார்த்தார்கள். வேகத்தடை வந்தால் மட்டும் மானம் போனது. நேராக ஏறினால் வயிறு தட்டும் என்பதால் கோணலாகத் திரும்பி நத்தைபோல ஏற வேண்டும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கொல்வான். பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. "என்னண்ணே, பாதியத் தரைக்குள்ள பொதச்சிட்டீகளா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டே பேருதான் போகலாமா? அப்ப பொண்டாட்டிய மட்டும் கூட்டிட்டுப் போயிட்டு, மாமியாள விட்டுட்டு வந்துரலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இரண்டு பேருமே இல்லை என்று நான் சொல்லவில்லை.

அந்தக் காரை ஏன் வாங்கினேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரு பதில் வைத்திருந்தேன். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அம்மா நெஞ்சுவலி வந்து இறந்துபோனாள். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஊரில் இருந்த ஒரே காரும் அன்றைக்கு அபிராமத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. அய்யா ரோட்டில் நின்று போகிற வருகிற டிராக்டரையெல்லாம் மறித்திருக்கிறார். ஒரு டிராக்டர் கிடைத்து ஏற்றியபோது அம்மா பேசவில்லையாம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் வந்தேன். நம் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொன்னால் வெட்கக்கேடு. அம்மாவின் பெயரைச் சொல்லி என் ஆசையை வாங்கிக்கொண்டேன். ஒரு நோயாளியைப் படுக்கவைக்கக்கூட இடமில்லாத காரை எந்த மகன் வாங்குவான்?

நான் ஊர் போய்ச் சேர்கிற நாளுக்கு மறுநாள் தை அமாவாசை. அய்யாவை அந்தக் காரில் ராமேஸ்வரம் கூட்டிக்கொண்டு போய், அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை இரண்டு பேருமாகக் கடற்கரையில் செய்வதாகப் பேச்சு. கொள்ளி வைக்க வராத மகன் எள்ளும் தண்ணீருமாவது விட வேண்டும் என்பது அவருடைய ஒரே குறை. அதை என்னிடம் அவர் நேராகச் சொன்னதே இல்லை. டீக்கடைப் போனில் பேசும்போது, "பாம்பன் பாலத்துல செத்த நேரம் நிப்பாட்டுவியால்ல? பஸ்ஸுல போனா ஒண்ணும் பாக்க விடமாட்றான்" என்று மட்டும் கேட்டார். நிறுத்துகிறேன் என்று சொன்னேன்.

ஊர் எல்லையில் வளைவு திரும்பியதும் ரோட்டை அடைத்துக் குதிரைவாலிக் கதிர் விரித்துக் கிடந்தது. எங்கள் பக்கம் அறுத்த கதிரைத் தார் ரோட்டில் தாளோடு பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணி உதிர்ந்துவிடும், மாடு கட்டி மிதிக்க வேண்டாம். மற்றவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்கு விரித்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அய்யா மட்டும் ஐந்து நாளாகக் கதிரைக் குவித்து மூடியே வைத்திருந்தாராம். எதிர்வீட்டுச் சித்தப்பா ஓடிவந்து கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்: "பஸ்காரனுக்குக்கூட விரிக்க மாட்டேன்னுட்டாரப்பா. எம்மகன் காருதான் மொத ஏறணுமாம். காலையில இருந்து கூட்டிப் பெருக்கி விரிச்சிட்டு நிக்கிறாரு."

அய்யா ரோட்டோரத்தில் கதிர் புரட்டுகிற கவைக்கம்போடு நின்றார். சலவை வேட்டி கட்டியிருந்தார். காரைப் பார்த்ததும் முகம் என்னவோ மாதிரி ஆயிற்று. சந்தோஷம்தான், ஆனால் இவ்வளவு பெரிய மகன் இவ்வளவு சின்ன வண்டிக்குள் இருப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. "வாலே, ஏத்துலே! நல்லா ஏத்தி வா!" என்று இரண்டு கையையும் வீசினார்.

எனக்குத் தெரியும். இதை எழுதும்போது அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். காரின் அடிவயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்த சைலன்சர் எப்படிக் கொதிக்கும், அதில் காய்ந்த தாள் சிக்கினால் என்ன ஆகும் என்று அந்த ஊரிலேயே தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேண்டாம் அய்யா, இந்த வண்டி ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரே ரோட்டில் நின்றது. மகன் வாங்கி வந்த வண்டி கதிர் மேல் ஏறக்கூட லாயக்கில்லை என்று அந்த நாலு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? ஏற்றினேன். அடியில் தாள் சரசரவென்று உரசியது. மறு ஓரம் போய்த் திரும்பினேன். "இன்னொரு நடை வா!" என்றார். மூன்று நடை போய் வந்தேன். அவர் கவைக்கம்பால் தாளைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டே சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நிறுத்தி இறங்கினேன். அவர் காரைச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து பார்த்து, "பின்னாடி எடமே இல்லையாலே? ஒரு ஆளு படுக்கணும்னா?" என்று கேட்டார். "இது படுக்கிற காரில்ல அய்யா" என்று சிரித்தேன். அவரும் சரி என்று தலையாட்டினார். அப்போதுதான் புகை வாசனை வந்தது.

நாங்கள் குனிவதற்குள் அடியில் தீ பிடித்துவிட்டது. கார் நின்ற இடத்திலும் கதிர்தான். சித்தப்பா மண்ணை வாரி இறைத்தார், பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். அந்த வருடம் தண்ணீரே அரிது, குடிக்க வைத்திருந்ததைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். அய்யா தரையில் மண்டிபோட்டு, காருக்கு அடியில் கையை விட்டுத் தாளைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தேன். தீ அடங்கியபோது முன்பக்கம் முழுக்கக் கருகிவிட்டது. சிவப்பு கொப்பளித்து உரிந்து அடியில் இருந்த மஞ்சள் தெரிந்தது. குதிரைவாலியிலும் பாதிக்கு மேல் சாம்பல்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் அதுவரை அய்யாவை நான் ஒருமையில் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அறிவில்லையா என்றேன், பட்டிக்காட்டான் என்றேன். அவர் கவைக்கம்பை ஊன்றிக்கொண்டு, தப்பு செய்த ஆள் மாதிரி கேட்டுக்கொண்டு நின்றார். அதோடு விட்டிருக்கலாம். கடைசியாக, "அம்மாவையும் இப்படித்தானே பாத்துக்கிட்ட?" என்றேன்.

சித்தப்பா என் தோளைப் பிடித்து, "ஏலே, போதும்" என்றார். அய்யா என்னைப் பார்க்கவில்லை. மீதிக் கதிரைக் கூட்டி அள்ள ஆரம்பித்தார். அன்று முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் எழுந்து பார்த்தபோது அய்யா இல்லை. விடியுமுன்னே முதுகுளத்தூருக்கு நடந்துபோய்விட்டார், அங்கிருந்து அமாவாசைக்கு விடுகிற பஸ்ஸைப் பிடிப்பார் என்று சித்தப்பா சொன்னார். கருகிய கார் வாசலில் நின்றது. பிற்பாடு அதைப் பழைய இரும்புக்குத்தான் போட்டேன். அன்றைக்கு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன். பாம்பன் பாலம் வந்தபோது நெரிசலில் இரண்டு ஆள் முதுகுக்கு நடுவே நின்றிருந்தேன், கடல் துண்டுதுண்டாகத்தான் தெரிந்தது. பாலம் தாண்டி அக்காள்மடத்தில் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட, இறங்கி நடந்தவர்களோடு நானும் நடந்தேன். காலில் விழுவதா, கையைப் பிடிப்பதா, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க வார்த்தை தேடினேன். அவரைப் பிடித்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அக்கினி தீர்த்தக் கரையில் தலை தலையாகக் கூட்டம். அவ்வளவு முதுகுகளில் அய்யாவின் முதுகை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு புரோகிதர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால் போய் நின்று, உட்கார இடம் பார்த்தேன். அப்போது புரோகிதர், "சம்சாரத்துக்கா? புள்ளை இருக்கானோ? அவன் வரலையா?" என்று கேட்டார்.

"மகன் வெளிநாட்டுல இருக்கான் சாமி," என்றார் அய்யா. "அவனுக்கு லீவு குடுக்கல. நல்ல பய. இருந்தா வந்திருப்பான்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டது. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் எள்ளை வாங்கக் கையை நீட்டினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், விரல்களுக்கு நடுவே தோல் உரிந்து சதை தெரிந்தது. முந்தின நாள் நான் காரைத்தான் பார்த்தேன். ஒரு பகலும் ஓர் இரவும் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. புரோகிதர் பெயர் கேட்டார், அய்யா அம்மாவின் பெயரைச் சொன்னார். மூன்று தடவை எள்ளும் தண்ணீரும் விட்டார். பிறகு எழுந்து கடலில் இறங்கினார். உப்புத்தண்ணீர் பட்டதும் கையை ஒரு நொடி வெளியே இழுத்துக்கொண்டு, மறுபடியும் உள்ளே விட்டார்.

அவர் பார்வை படாத பக்கமாக, பத்தடி தள்ளி நானும் இறங்கினேன். அவர் முங்கும்போது முங்கினேன்.