மருந்துக்காரர் வீட்டு எலிகள்

அவருக்கு எலி கொல்வது தொழில். வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதும் எலியைத்தான். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியதெல்லாம் அவர் மனைவிக்கு.

கட்டடங்களில் எலி, கரப்பான், கரையான் ஒழித்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை. சாம்பல் நிறச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் டார்ச் லைட். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவரை மருந்துக்காரர் என்பார்கள். வைப்பது விஷம், பெயர் மருந்து. காதுக்கு இதமாக இருந்ததால் அவர் அதைத் திருத்தப் போகவில்லை.

காப்பாற்றும் வேலை ஒரு வீட்டுக்காரியால் ஆரம்பித்தது. மகள் கடையில் ஆசையாக வாங்கிய வெள்ளை எலியைக் கூண்டோடு விட்டுவிட்டு வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டாள். எலி என்றால் எலிக்காரரைத்தானே கூப்பிட வேண்டும்? அந்த அம்மாள் இவரைக் கூப்பிட்டு, ஏதாவது பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் கூண்டைத் திறந்தார். எலி வெளியே வந்து, அவர் கையை மோந்து பார்த்து, சட்டைக் கை வழியே ஏறிக் காலருக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. அத்தனை வருட அனுபவத்தில் அவரைக் கண்டு ஓடாத முதல் எலி அதுதான்.

காலருக்குள் இருந்ததோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"வெளியில கொன்னுட்டு வர்றீங்க, வீட்டுல கொஞ்சுறீங்க. எனக்கு ஒண்ணும் புரியலைங்க" என்றாள் மனைவி.

இது வேறு எலி, வளர்ப்பு எலி என்று விளக்கினார். எலியில் என்ன வேறு, அதற்கும் வால் இதற்கும் வால் என்றாள் அவள். ஆனாலும் மறுநாள் பழைய சேலையைக் கிழித்துக் கூண்டுக்குள் விரித்ததும் அவள்தான்.

விஷயம் பரவியது. கடைக்காரர் இரண்டும் ஆண்தான் என்று சத்தியம் செய்து விற்ற ஜோடிகள் ஒரு மாதத்தில் கூண்டு நிறையக் குட்டி போட்டன. வாங்கியவர்கள் அலறிக்கொண்டு இவரைத் தேடினார்கள். இவர் போய் ஆண் பெண் பிரித்து, கொண்டுவந்து வளர்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்தார். பெண் கொடுக்கிற தகப்பன்கூட அத்தனை கேள்வி கேட்கமாட்டான். கூண்டைக் கண்ணால் பார்க்காமல் தரமாட்டார். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தால் வேறு கூண்டு வாங்கச் சொல்வார். ஒற்றை எலியை யாருக்கும் தரமாட்டார். தனியாக விட்டால் ஏங்கிப் போய்விடும் என்பார்.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு பாடம் உண்டு. அதை ஒரு சொல் மாறாமல் சொல்வார்: "கண்ணுலயோ மூக்குலயோ செவப்பா வந்தா பதறாதீங்க. அது ரத்தம் இல்ல. பயந்தா, களைச்சுப் போனா அப்படித்தான் ஊறும். ஈரத் துணியில தொடைச்சு விடுங்க, போதும்."

போகும்போது ஒரு சின்ன டப்பாவும் கொடுப்பார். உள்ளே வேர்க்கடலை விழுது. ஸ்பூனால் டப்பாவைத் தட்டி, வந்த எலிக்கு ஒரு நக்கு கொடுத்து வீட்டிலேயே பழக்கியிருப்பார். கூண்டிலிருந்து தப்பினால் தேட வேண்டாம், தட்டினால் போதும். எலியண்ணன் என்று அவரைக் கூப்பிட்ட அந்த வீடுகளில் டப்பா தட்டுவது ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது.

அப்படி ஒரு ஜோடியை வாங்கிப் போனவர் ஒரு பல் டாக்டரம்மா. தனியாக இருந்தார். கிளினிக்கில் நாள் முழுக்க வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் திறந்த வாயை மூடாத இரண்டு ஜீவன்களை வைத்துக்கொண்டார். ஒன்றுக்கு மேல்பல் கோணல். அது தெத்து. இன்னொன்றுக்குப் பல் வரிசை அச்சில் வார்த்த மாதிரி இருந்ததால் அதற்குப் பொக்கை என்று பெயர் வைத்தார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, கட்டடப் பராமரிப்பு என்று இவர் சொல்லியிருந்தார். பொய்யில்லை. அதற்காகவே அந்தப் பதிலை வெகு நாளாக வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, தெத்தையும் பொக்கையையும் காணோம். முந்தாநாள்லேருந்து. வீட்டுக்குள்ளதான் இருக்கும்னு தேடிட்டே இருந்தேன். இப்பத்தான் பாத்ரூம் குழாய் ஓரத்துல ஒரு ஓட்டையைப் பாத்தேன்."

அந்த ஓட்டை எங்கே போகும் என்று இவருக்குத் தெரியும். குழாய்கள் இறங்கும் சந்து நேராகத் தரைக்குக் கீழே கார் நிறுத்தும் தளத்துக்குப் போகும். அங்கே என்ன இருக்கிறது என்பதும் தெரியும். போன வாரம் அந்தக் குடியிருப்பின் செயலாளர் கூப்பிட்டு, இவரே போய் வைத்த விஷப் பெட்டிகள். கட்டடத்தின் பெயரைக் கேட்டபோது ஒரு கணம் தயங்கத்தான் செய்தார். டாக்டரம்மா இருப்பது மேல்மாடி, கூண்டு நல்ல கூண்டு, கீழே வைப்பதற்கும் மேலே இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டார்.

சம்பந்தம் அவர் பையிலேயே இருந்தது. காட்டுப்புத்தியுள்ள எலி புதிய பொருளைச் சுலபத்தில் தொடாது. அதனால் விஷக் கட்டியின் மேல் வேர்க்கடலை விழுதைத் தடவி வைப்பது அவர் வழக்கம். வேலைப் பையில் இருந்த டப்பாவும் சமையலறை அலமாரியில் இருந்த டப்பாவும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கியவை. மற்ற எலிகள் சந்தேகத்தோடு மோந்து பார்க்கும் பொருளை நோக்கி, கூப்பிட்டார்கள் என்று நம்பி ஓடிவர இரண்டு எலிகளை அவரே பாடுபட்டுப் பழக்கியிருந்தார்.

சட்டையை மாற்றும்போது மனைவியிடம் சொன்னார். அவள் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"போன உடனே சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"வெச்சது நான்தான்னு. வேற என்னத்தைச் சொல்வீங்க?"

வண்டியில் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை ஒட்டிப் பார்த்தார், வெட்டிப் பார்த்தார். "டாக்டரம்மா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்கலாம். "நீங்க கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பிப்பது மோசம். சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்று, பின்னால் வந்தவரிடம் திட்டு வாங்கினார்.

பாடுபட்டுத் தயாரித்த வாக்கியம் உபயோகப்படவே இல்லை. வாசலில் டாக்டரம்மா நின்றார், அவருக்குப் பக்கத்தில் செயலாளர். செயலாளர் எதையும் சந்தோஷமாகச் சொல்லும் ரகம்.

"என்ன மருந்துக்காரரே, லீவு நாள்லயும் டியூட்டியா? உங்க மருந்து பிரமாதம் போங்க. ரெண்டு நாளா கீழ ஒரு கீச்சு மூச்சு இல்ல."

டாக்டரம்மா செயலாளரைப் பார்த்தார். அப்புறம் இவரை.

"அவர் யாரைச் சொல்றார்?"

"என்னைத்தாம்மா."

கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கெங்க வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினார் அந்த அம்மாள்.

இவர் மோட்டார் அறைப் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்தார். விஷக் கட்டி வைத்தது வைத்தபடியே இருந்தது. மீட்டர் அறையிலும் அப்படியே. மாடிப்படிக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தபோது கட்டியின் ஒரு மூலை இல்லை. மேலே தடவியிருந்த விழுது துடைத்த மாதிரி போயிருந்தது. டாக்டரம்மா குனிந்தார்.

"இது என் டப்பா வாசனை."

இவர் பெட்டிகளையெல்லாம் பைக்குள் போட்டு இறுகக் கட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, டாக்டரம்மா கொண்டுவந்த டப்பாவை வாங்கித் தட்டினார். அவசரத்தில் தாளம் தப்பியது. வேறு யாரோ தட்டுகிறார்கள் என்று எலிகள் நினைத்துவிடுமோ என்று அதற்கும் பயந்தார். ஒரு தூணோரம் நின்று செயலாளர் ரசித்துக்கொண்டிருந்தார். இது என்ன புது முறையா, எலியைத் தாளம் போட்டா பிடிப்பீர்கள் என்று விசாரித்தார்.

"அது என் எலி சார்" என்றார் டாக்டரம்மா. "நான் வளர்க்கிறது."

செயலாளர் தூணுக்குப் பின்னால் போனார்.

முதலில் வந்தது பொக்கை. மோட்டாருக்குப் பின்னாலிருந்து, விருந்துக்குத் தாமதமான சொந்தக்காரரைப் போலக் குலுங்கிக் குலுங்கி வந்து ஸ்பூனை நக்கியது. டாக்டரம்மா அதை அள்ளித் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டார். தெத்து வர நேரமாயிற்று. வந்தபோது சுவரைத் தேய்த்துக்கொண்டு மெதுவாக வந்தது. டார்ச் வெளிச்சத்தில் அதன் மூக்கைச் சுற்றிச் சிவப்பு. கண்ணோரத்திலும் சிவப்பு.

"ரத்தமா?"

அவர் வாயைத் திறந்தார். ஊரெல்லாம் ஒப்பித்த பாடம் முதல் சொல்லோடு நின்றது. அவர் வைத்த விஷம் உடனே கொல்லாது. சில நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசிய வைத்துத்தான் கொல்லும். எத்தனையோ எலிகளை அப்படிப் பார்த்து, வேலை முடிந்தது என்று எழுந்து போயிருக்கிறார்.

"நீங்கதானே சொன்னீங்க, செவப்பா வந்தா ரத்தம் இல்லைன்னு."

"சொன்னேன்."

"இப்பச் சொல்லுங்க."

அவர் டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தார்.

டாக்டரம்மா அவரிடம் கையுறை கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, பையை அவிழ்க்கச் சொல்லி, மூலை போன அந்தக் கட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளினிக்கில் அவர் முகம் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

"தெத்து கடிச்சா ஒரு கோடுதான் ஆழமா விழும். வீட்டுல என் சோப்பெல்லாம் அப்படித்தான் இருக்கு. இதுல பாருங்க, ரெண்டு கோடு. ரெண்டும் நேரா."

அவர் மூச்சு விட்டார். விட்ட மூச்சைப் பாதியில் நிறுத்தினார். இருவரும் ஒரே நேரத்தில் துப்பட்டாவுக்குள் பார்த்தார்கள். கொழுகொழுவென்று, கண் பளிச்சென்று, மீசையில் விழுது ஒட்டியிருக்க, அச்சில் வார்த்த பல்லோடு பொக்கை அவர்களைப் பார்த்தது.

கால்நடை டாக்டர் இரண்டையும் பார்த்தார். தெத்துவின் சிவப்பு பயத்தில் வந்தது, ஈரத் துணியால் துடைத்து விடுங்கள் என்றார். இவருக்கு அழுகை வந்துவிட்டது. பொக்கையைப் பற்றி அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தின்றதா என்பதை இப்போது சொல்ல முடியாது, விஷ முறிவு மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருங்கள், பார்ப்போம் என்றார்.

ஆரோக்கியமாக இருக்கும் ஒன்றைப் பற்றிக் கவலைப்படுவது எவ்வளவு சிரமம் என்பதை அந்த நாட்களில் தெரிந்துகொண்டார். தெத்து தும்மினால்கூட நிம்மதியாக இருந்தது. பொக்கை நன்றாகச் சாப்பிட்டது என்று கேட்டால் பயமாக இருந்தது. காலையில் போன் செய்வார். டாக்டரம்மா எடுத்து, "இருக்கு" என்பார். வைத்துவிடுவார். அண்ணே என்ற சொல் போன இடம் தெரியவில்லை. சாயங்காலமும் கேட்க ஆசைதான், தைரியம் இல்லை. மனைவியைச் செய்யச் சொன்னார். அவள் செய்தாள். ரொம்ப நேரம் பேசினாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, பொதுவா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதற்கு நடுவே செயலாளர் கூப்பிட்டார். மாடிப்படிக்குப் பின்னால் ஒரு பெருச்சாளி செத்துக் கிடப்பதாகவும், மருந்து பிரமாதம் என்றும் மறுபடி சொன்னார். பெருச்சாளியா, சாதாரண எலியா, எங்கே, எந்தப் பக்கம், வாயைப் பார்த்தீர்களா என்று இவர் துருவித் துருவிக் கேட்டதில் செயலாளர் மிரண்டு போனார். தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ எலி செத்த சேதி கேட்டிருக்கிறார். ஒரு எலி செத்ததற்காகக் கூடத்தின் நடுவே உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டது அன்றுதான். அதை உடனே டாக்டரம்மாவிடம் சொன்னார். இரண்டு கோடு அதனுடையதாக இருக்கலாம் என்றார்.

"இருக்கலாம்" என்றார் அந்த அம்மாள். மருந்தை நிறுத்தவில்லை.

கால்நடை டாக்டர் போதும் என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார். பொக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் எடை கூடியிருந்தது.

இப்போது மருந்துக்காரர் வீட்டில் டப்பாவும் இல்லை, விழுதும் இல்லை. ஒரு சின்ன மணியை ஆட்டி, வேகவைத்த பட்டாணி கொடுத்துப் பழக்குகிறார். கூண்டில் இருப்பவை பட்டாணியையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கின்றன. எலி கேட்டு வருகிறவர்களிடம் முதல் வேலையாகத் தன் தொழிலைச் சொல்லிவிடுகிறார். சிலர் அத்தோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

போன வாரம் அந்தக் குடியிருப்பின் காவலாளி ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். டாக்டரம்மா கொடுத்தனுப்பியது. உள்ளே இவர் கொடுத்த டப்பா, காலியாக, பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று மனைவியைக் கேட்டார்.

"கழுவிக் குடுத்திருக்காங்கல்ல? கோவம்னா அப்படியே தூக்கிப் போட்டிருப்பாங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ஒட்டுறவே வேண்டாம் என்பவர்களும் கழுவித்தானே கொடுப்பார்கள் என்று பட்டது. டப்பாவை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். சோப்பு வாசனை. அதற்கும் அடியில் லேசாக வேர்க்கடலை வாசனை இருப்பது போலத் தோன்றியதால், எடுத்துப்போய் இன்னொரு முறை கழுவினார்.